தடைக்காலத்தின் கடைசி மூன்று நாள்

ஆத்தூர்

எங்கள் ஊரில் நண்டு என்றால் வயல் நண்டு. நடவுக்குத் தண்ணீர் கட்டியதும் வரப்போரம் வளை பறித்துக் குடியேறிவிடும். ராத்திரியோடு ராத்திரியாக வரப்பை ஓட்டை போட்டு, கட்டிய தண்ணீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்சிவிடும் என்று அப்பாவுக்கு அதன்மேல் தீராத கோபம். ஆனால் வீட்டில் யாருக்காவது சளி கட்டிவிட்டால் அவரே சாயங்காலம் நான்கைந்து பிடித்து வருவார். அம்மா அதை உரலில் இடித்துச் சாறு பிழிந்து, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு ரசம் வைப்பாள். சின்ன நண்டு, அடிவயிற்றில் குஞ்சு சுமக்கிற நண்டு என்று நாங்கள் பிரித்துப் பார்த்ததாக நினைவில்லை. கண்ணில் பட்டதெல்லாம் சட்டிக்குப் போனது.

ஆத்தூர் வழியாக ஓடுகிற வசிஷ்ட நதி கிழக்கே போய், சுவேத நதியோடு சேர்ந்து வெள்ளாறு என்று பெயர் மாறி, பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. அந்த நதியில்தான் மண்புழு கோத்துத் தூண்டில் போட நான் பழகினேன். கெளுத்தி கிடைத்த நாளில் பள்ளிக்கூடம் மறந்துபோகும். இப்போது மழைக்காலம் போக மற்ற மாதங்களில் அதில் ஓடுவது சாக்கடையும் ஆலைக் கழிவும்தான். என் மகனுக்குத் தூண்டில் என்பது பரணில் கிடக்கும் ஒரு மூங்கில் கழி. ஆற்றின் அந்தக் கடைசி முனைக்குப் போய் ஒரு நாளாவது தூண்டில் போட வேண்டும் என்பது பல வருட ஆசை.

ஜூன் 11ஆம் தேதி கிளம்பினேன். தேதியை யோசித்துத்தான் வைத்தேன். தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீனும் இறாலும் இனப்பெருக்கம் செய்யட்டும் என்று விடுகிற ஓய்வு. அந்த ஓய்வு முடிகிற கடைசி மூன்று நாளில் கரை எப்படி இருக்கும் என்று பார்க்க நினைத்தேன்.

சிதம்பரம்

சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் இறங்கிப் பார்த்தேன். கீழ்ப்பக்கம் ஆற்றில் மணலும் முள்ளும். இங்கே வறண்டு கிடக்கிற ஆறு இன்னும் கொஞ்ச தூரத்தில் படகு மிதக்கிற அகலத்தில் இருக்கும் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

இரவு சிதம்பரத்தில் சாப்பிட்ட மெஸ்ஸில் பக்கத்து இலைக்காரர் ஒரு பெரியவர். பரங்கிப்பேட்டை போகிறேன் என்றதும் மோர்ச் சாதத்தை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பினார்.

"நண்டு வாங்குனா கையில தூக்கிப் பாத்து வாங்கு தம்பி. அமாவாசையை ஒட்டி வர்ற நண்டு கல்லு மாதிரி கனக்கும். பௌர்ணமி நண்டு வெறும் ஓடு. உள்ள தண்ணிதான்."

நிலாவுக்கும் நண்டுக்கும் உள்ள கணக்கைப் பிறகு சந்தித்த எல்லாருமே சொன்னார்கள். வளர்வதற்காக நண்டு தன் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுத் தண்ணீரைக் குடித்து உப்பும். மேலே புது ஓடு கெட்டிப்படும். அதற்குள் சதை ஏறப் பல நாள் ஆகும். அந்த இடைவெளியில் அகப்பட்டதுதான் 'தண்ணி நண்டு'. நிலவைப் பார்த்து அது ஓடு கழற்றுகிறதா என்பதைவிட, கையில் தூக்கிப் பார்க்கச் சொன்னாரே, அதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. எடுக்கலாமா விடலாமா என்பதை நண்டின் உடம்பே சொல்லிவிடும். பார்க்கத்தான் ஆள் வேண்டும்.

பரங்கிப்பேட்டை

போர்ச்சுகீசியர் 'போர்ட்டோ நோவோ', அதாவது புதுத் துறைமுகம் என்றார்கள். முஸ்லிம் வணிகர்கள் மகமூது பந்தர் என்றார்கள். நம் வாயில் பரங்கியர் பேட்டை, பரங்கிப்பேட்டை ஆனது. 1781 ஜூலை 1இல் ஹைதர் அலியும் பிரிட்டிஷ் தளபதி அயர் கூட்டும் மோதிய களம் இது. சேலத்துக்காரனான எனக்கு நெருக்கமான சேதி வேறு. 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இங்கே இரும்பாலை தொடங்கினார். அதற்குத் தாது வந்தது எங்கள் சேலம் பக்கத்திலிருந்து. மலையிலிருந்து ஆறு மட்டும் இங்கே வரவில்லை, எங்கள் மண்ணும் வந்து உருகியிருக்கிறது.

கல்லூரி நண்பன் ஒருவனின் வீடு இங்கே. அவன் வெளிநாட்டில் இருக்கிறான். அவன் அம்மா என்னை வாசலில் பார்த்ததும் "வா வாப்பா, மெலிஞ்சு போயிட்டே" என்றார். இருபது வருடமாக இதையேதான் சொல்கிறார். மதியத்துக்கு இடியாப்பமும் நண்டுக் குழம்பும். நான் அடுப்படி வாசலிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அலுமினியச் சட்டியில் ஏழெட்டு நண்டு. ஆண் நண்டின் கால்கள் நீலம், முதுகில் வெள்ளைப் புள்ளிக் கோலம். பெண் பழுப்பு. அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பி அடிவயிற்று மடலைக் காட்டினார். ஆணுக்கு அந்த மடல் ஒடுங்கிக் கூராக இருக்கிறது. பெண்ணுக்கு அகன்று வட்டமாக, மூடி போல. முதுகு ஓட்டை நெம்பித் திறந்து, பக்கவாட்டில் விரல் விரலாக இருக்கும் செவுளைப் பிய்த்துப் போட்டு, உடலை இரண்டாக ஒடித்தார். ஒன்றில் உள்ளே செங்காவி நிறத்தில் கெட்டியாக ஒரு திரள் இருந்தது.

"இது உள் முட்டை. இது ருசி. வயித்துக்கு வெளிய பஞ்சு மாதிரி ஒட்டிக்கிட்டு வருமே, அதை நான் வாங்க மாட்டேன். மஞ்சளா இருந்தாலும் வேணாம், கறுப்பா இருந்தா கிட்டவே வராதே. நறநறன்னு மண்ணைத் திங்கிற மாதிரி. அதுவும் இல்லாம, அது புள்ளத்தாச்சி."

அரைத்த தேங்காயும் சோம்பும் சின்ன வெங்காயமும் சேர்ந்த குழம்பு, சிவப்பாகக் கொதித்து இறங்கியது. புளி குறைவு. எங்கள் ரசத்தில் நண்டு கண்ணுக்கே தெரியாது, சாறு மட்டும்தான். இங்கே ஒரு காலை உடைத்து உறிஞ்சினால் வெள்ளைச் சதை நூல் நூலாக, இனிப்பாக வந்தது. இடியாப்பம் எத்தனை வைத்தார்கள் என்று எண்ணவில்லை.

மாலையில் வெள்ளாற்றங்கரையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்துக்கு நடந்தேன். ஆர்.வி. சேஷய்யா முன்னின்று உருவாக்கியது. 1961இலிருந்து நடக்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்தக் கழிமுகத்தின் உப்பும் வெப்பமும் மீனும் நண்டும் எழுதிவைக்கப்படுகிற இடம். அங்கே படிக்கும் ஒரு மாணவியிடம் பேசிக்கொண்டிருந்தேன். நண்டுக்கு ஏப்ரல், மே என்று தனிப் பருவம் உண்டா என்று கேட்டேன். "உச்சம்னு சில மாதங்கள் உண்டு சார். ஆனா நம்ம கடல்ல நீல நண்டு வருஷம் பூரா முட்டையோட இருக்கும். எந்த மாசம் வலை போட்டாலும் தாய் நண்டு ஒண்ணு ரெண்டு ஏறும்" என்றார்.

அப்படியானால் 61 நாள் தடை முடிந்த பிறகு அந்த நண்டுக்கு எது காவல்? அந்தக் கேள்வி அடுத்த இரண்டு நாளும் கூடவே வந்தது.

அன்னங்கோயில்

மறுநாள் விடியற்காலை நாலரைக்கு அன்னங்கோயில் இறங்குதளம். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. புதுப் பெயின்ட் வாசனை. கொஞ்ச தூரத்தில் வெல்டிங் பொறி தெறித்தது. ஒரு படகின் மேல் இரண்டு பேர் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் மாதிரி ஒரு எல்இடி விளக்கை வைத்துக்கொண்டு மடி வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு மாதம் கூலி இல்லாத கைகள். தடைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் அரசு தருகிறது. அதை வைத்து 61 நாள் எப்படி ஓட்டினீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. டீக்கடையில் அவர்களே சொன்னார்கள்: கொத்து வேலைக்குப் போனது, நகையை வைத்தது, கேரளத்துக்குப் போய்விட்டு வந்தது. மேற்குக் கடற்கரைக்குத் தடை ஜூன் 1இல்தான் தொடங்கும் என்பதால் இங்கே மூடியதும் அங்கே ஓடுகிறவர்கள் உண்டு.

தமிழ்நாட்டில் இந்தத் தடை 2001இல் வந்தபோது 45 நாள். 2017இலிருந்து 61. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவர் "நல்லதுதான். முதல் வருஷம் எங்கள்ல நெறைய பேரு ஏசுனோம். தடை முடிஞ்சு முதல் நாள் ஏறுன மீனைப் பாத்துட்டு வாயை மூடிக்கிட்டோம்" என்றார். பிறகு பேச்சு சுருக்குமடி வலைக்குப் போனது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று இடைக்கால அனுமதி தந்தது. கடலூர்க் கடற்கரையில் ஊருக்கும் ஊருக்கும் மனஸ்தாபம் வளர்த்த வலை அது. டீக்கடையில் இரண்டு பக்கத்துக்கும் ஆள் இருந்ததால் பேச்சு சட்டென்று நின்றது. நானும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன்.

தடை பைபர் படகுக்கு இல்லை. ஐந்தரை மணிக்கு அவை ஒவ்வொன்றாக முகத்துவாரத்தைத் தாண்டி உள்ளே வந்தன. முந்தின நாள் மாலை தரையில் படிய விரித்துவிட்டு வந்த நரம்பு வலையை விடியலில் வாரிக்கொண்டு வருகிறார்கள். வலையோடு நண்டு. மணலில் தார்ப்பாய் விரித்து, வலையைக் கொட்டி, குடும்பமே சுற்றி உட்கார்ந்தது. படகுக்கார அண்ணன், அவர் மனைவி, அவர் அம்மா, பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு இருக்கும் பையன்.

நண்டு கழற்றுவதை அதுவரை நான் பார்த்ததில்லை. நரம்பு கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. நண்டோ உடம்பெல்லாம் முள். விடுபடத் துள்ளித் துள்ளி இன்னும் பத்துச் சுற்று சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த அக்கா கொடுக்கைப் பின்னாலிருந்து கட்டைவிரலால் அழுத்தி, ஒரு காலின் முட்டியில் நரம்பைத் தளர்த்தி, அடுத்த முள்ளுக்கு நகர்த்தி, கடைசியில் ஒரே உதறலில் எடுத்தார். பெரிய நண்டு என்றால் காலும் கொடுக்கும் உடையக் கூடாது. உடைந்தால் விலை பாதி.

என்னையும் ஒன்று எடுக்கச் சொன்னார்கள். உள்ளங்கையில் பாதி அளவுள்ள குட்டி. நான் பாடுபட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா ஆறு பெரிய நண்டுகளை எடுத்துவிட்டார். என் குட்டி அப்படியேதான் இருந்தது, வலது கால் ஒன்று மட்டும் என் கையோடு வந்துவிட்டது.

"குட்டியை எடுக்க நேரம் செலவு பண்ண முடியாது சார்" என்றார் அண்ணன். அவர் பக்கத்தில் ஒரு தேய்ந்த மரக்கட்டை கிடந்தது. குட்டி நண்டு வந்தால் வலையோடு வைத்து அதில் ஒரு தட்டு. ஓடு நொறுங்கியதும் துண்டு துண்டாக உதிர்ந்து வலை சுத்தமாகிவிடும். காக்கைகள் அதற்காகவே காத்திருந்தன. "பாவம்னு தெரியும். ஆனா எட்டு மணிக்குள்ள வலையைத் தேச்சு, காய வச்சு, சாயங்காலம் மறுபடி போவணும். ஒண்ணொண்ணா பிரிச்சு விடணும்னா ராத்திரி ஆயிடும்."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கட்டையைப் பார்த்த பிறகு 'சிறிய நண்டைக் கடலில் விட்டுவிடுங்கள்' என்ற அறிவுரை எவ்வளவு தூரத்திலிருந்து சொல்லப்படுகிறது என்று புரிந்தது. வலைக்குள் வந்துவிட்ட குட்டிக்கு விதி எதுவும் உதவாது. வராமல் இருக்க வேண்டுமென்றால் வலைக்கண் பெரிதாக இருக்க வேண்டும். அதை நாள் கணக்குப் போட்டுச் செய்ய முடியாது, வலைக்கடையில் செய்ய வேண்டும். சின்னக் கண் வலை விற்கிற வரைக்கும், பக்கத்துப் படகுக்காரன் அதை வாங்குகிற வரைக்கும், இந்த அண்ணன் மட்டும் பெரிய கண் வலை வாங்கினால் நஷ்டம் இவருக்கு மட்டும்தான். கேரள அரசு 2015இல் 14 இனங்களுக்குப் பிடிக்கத்தக்க குறைந்தபட்ச அளவு வைத்து, பிறகு அதை 58 இனங்களுக்கு நீட்டியது. நீல நண்டுக்கு அங்கே ஓட்டின் அகலம் 9 சென்டிமீட்டர். அளவு தாளில் இருந்தால் போதாது, வலைக்கண்ணுக்குள்ளும் இறங்க வேண்டும் என்பதை அந்த மரக்கட்டை எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

குவியலில் அடிவயிற்றில் பஞ்சு ஒட்டியது மூன்று வந்தது. அண்ணன் வரிசையாக வைத்துக் காட்டினார். ஒன்று மஞ்சள், ஒன்று பழுப்பு, ஒன்று சாம்பல் கலந்த கறுப்பு. மஞ்சள் என்றால் முட்டை இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. நாள் போகப் போக உள்ளே குஞ்சுக்குக் கண் உருவாகி நிறம் இருளும். கறுத்துவிட்டால் ஓரிரு நாளில் பொரித்துவிடும். கறுப்பு நண்டை என் கையில் வைத்தார். மடலைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தது. அந்தப் பிடி முட்டையில் லட்சக்கணக்கில் குஞ்சு. அவற்றில் பெரும்பாலானவை மீனுக்கு இரை, ஒரு சில நண்டாகும். அந்த ஒரு சில கூட இனி இல்லை.

"இதை விட்டுட்டா?" என்று கேட்டேன்.

"விடலாம். எங்கப்பா விடுவாரு. அப்ப கூடை கணக்கு. இப்ப எடைக் கணக்கு. இந்தப் பஞ்சும் சேத்துத்தானே எடை?" என்றவர், கறுப்பு நண்டைத் திரும்ப வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அம்மா எதுவும் பேசாமல் அதைப் பிடுங்கி, எழுந்து போய், படகுத்துறை ஓரம் தண்ணீரில் விட்டார். மஞ்சளும் பழுப்பும் ஏலத்துக்குப் போயின.

தாய்லாந்துக் கடலோர ஊர்கள் பலவற்றில் 'நண்டு வங்கி' என்று ஒன்று நடக்கிறது. முட்டை ஒட்டிய நண்டை மீனவர் அங்கே கொண்டுவந்து கொடுப்பார். கடல்நீர் நிரப்பிய வாளியில், காற்றுக் குழாய் போட்டு, பொரிக்கும் வரை சில நாள் வைத்திருப்பார்கள். குஞ்சுகள் கடலுக்கு, தாய் நண்டு விற்பனைக்கு. அதைச் சொன்னதும் பையன்தான் முதலில் நிமிர்ந்தான். "வாளியும் மோட்டாரும் எவ்ளோ ஆவும்ணா?" என்றான். அதைக் கேட்கத்தான் அத்தனை தூரம் வந்தேன் என்று தோன்றியது. கடல் உயிரியல் மையம் இருக்கிற ஊர், இறங்குதளம் இருக்கிற ஊர், பஞ்சாயத்து கட்டுப்பாடு போட்டால் மீறாத ஊர்கள். பரங்கிப்பேட்டையில் நடக்காவிட்டால் வேறு எங்கே நடக்கும்?

புறப்படும்போது அண்ணன் சொன்னார்: "நாளைக்கு ராத்திரி வலை கடல்ல இருக்காது சார். வெளிச்சம் போறதுக்குள்ள வாரிட்டு வந்துடுவோம். பெரிய படகு எறங்குற ராத்திரி அது." விசைப்படகு கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் மடி இழுக்கக் கூடாது என்பது விதி. முதல் நாள் ஆவேசத்தில் இருட்டில் யார் அளந்து பார்ப்பது என்று அவர் கேட்டார்.

வெள்ளாற்று முகத்துவாரம்

மதியம் வரை மேல்காற்று அனலாக அடித்தது. மூன்று மணிக்குக் கடல்காற்று திரும்பியதும் தூண்டிலோடு முகத்துவாரத்துக்குப் போனேன். மணல் திட்டு ஆற்றின் வாயைப் பாதி அடைத்திருந்தது. இந்தக் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் கூட வித்தியாசம் இல்லை. ஆனால் இந்தக் குறுகிய வாய் வழியாக அவ்வளவு தண்ணீரும் போய் வர வேண்டியிருப்பதால் இழுப்பு பலம். தெண்டி வெள்ளம், அதாவது தெற்கிலிருந்து வடக்கே போகும் நீரோட்டம், கடல் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் நான் எதிர்பார்த்ததைவிடத் தெளிவு.

அங்கே ஏற்கெனவே நான்கு இளைஞர்கள். புதுச்சேரியிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் வருகிறவர்கள். கார்பன் கழி, பளபளவென்ற ரீல், ரப்பரில் செய்த பொய் இரை. கொடுவாய்க்காக வந்திருக்கிறார்கள். அன்போடு எனக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தார்கள். என் பழைய முடிச்சைப் பார்த்து ஒருவன் கூட முகம் சுளிக்கவில்லை. உள்ளூர்ப் பையன் ஒருவன் உயிர் இறால் விற்றான். ஏற்றம் நின்று வற்றம் தொடங்குகிற அரைமணி நேரம்தான் கடி என்றான். அப்படியேதான் நடந்தது. சூரியன் தாழ்ந்த நேரத்தில் ஒருவனுக்குக் கழி வில்லாக வளைந்தது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வெள்ளியாக ஒன்று மேலே எழுந்து தலையை உதறியது. கரைக்கு வர இருபது நிமிடம். ஐந்து கிலோவுக்குக் குறையாத கொடுவாய்.

நான் என் வாழ்நாளில் அப்படி ஒரு மீனைத் தூண்டிலில் பார்த்ததில்லை. கை நடுங்கியது எனக்கும்தான். ஆனால் அவர்களிடம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொடுவாய் ஆணாக வளர்ந்து, சில வருடம் கழித்துப் பெண்ணாக மாறுகிற மீன். பெரிய கொடுவாய் பெரும்பாலும் பெண். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 58 சென்டிமீட்டருக்குக் கீழேயும் 120 சென்டிமீட்டருக்கு மேலேயும் இருக்கிற கொடுவாயைத் தூண்டில்காரர் கட்டாயம் விட்டுவிட வேண்டும். அங்கே பெண் சேற்று நண்டை யாருமே எடுக்கக் கூடாது. ஆண் என்றாலும் 15 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். பொழுதுபோக்குக்குப் போகிறவனும் பையில் அளவுகோல் வைத்திருப்பான்.

அவர்கள் இரும்பு வளையத்தில் கட்டிய சிறிய வலைகளும் போட்டிருந்தார்கள். நடுவில் கோழிக் குடல். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் தூக்கினால் நண்டு ஒன்றிரண்டு. எல்லாம் வாளிக்குள். இங்கே நரம்பு வலை இல்லை, சிக்கல் இல்லை, எட்டு மணிக்குள் முடிக்க வேண்டிய வேலையும் இல்லை. குட்டியைத் திரும்ப விட ஒரு நொடி போதும். அண்ணனுக்கு இல்லாத வசதி எங்களுக்கு இருக்கிறது, எங்கள் அடுப்பு எரிய அது தேவையும் இல்லை. வயிற்றுக்காகப் பிடிக்கிறவருக்கு 61 நாளும் அளவும் கண்ணும் விதிக்கிற நாடு, விளையாட்டாகப் பிடிக்கிற என்னைப் போன்றவனிடம் முதலில் கேட்க வேண்டும். இதைக் கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவன் வாளியைச் சாய்த்துச் சின்னவற்றைப் பொறுக்கி விட்டான். கொடுவாயை விடவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வயதில் நானும் விட்டிருக்க மாட்டேன்.

எனக்கு இருட்டுகிற நேரத்தில் ஒரு கிழங்கான் கிடைத்தது, ஒரு சாண் இருக்கும். என் ஆற்றின் கடைசி முனையில் கிடைத்த மீன். கையில் வைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

பிச்சாவரம்

14ஆம் தேதி காலை ஆற்றைத் தாண்டிக் கிள்ளைக்கு வந்தேன். மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பூவராகசாமி கடலாட வருகிற ஊர். வழியில் தர்காவில் முஸ்லிம்கள் சாமிக்கு மரியாதை செய்வது வழக்கம். அங்கிருந்து பிச்சாவரம் சதுப்புக் காடு. சுரபுன்னையின் வேர்கள் தண்ணீரில் கால் ஊன்றி நிற்கின்றன. தில்லை மரமும் இங்கே உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் கொடுத்த மரம் இப்போது இருப்பது இந்தக் கழிமுகத்தில்தான். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எம்.ஜி.ஆர். திட்டைத் துடைத்துப் போட்டபோது, காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின.

சுற்றுலாப் படகுகள் போகாத ஒரு ஓடைக் கரையில் இருளர் பெண்கள் ஐந்தாறு பேர் கழுத்தளவு தண்ணீரில் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்கள். வலை இல்லை, படகு இல்லை. ஓலைப் பறியை வாயில் கவ்வியிருக்கிறார்கள். கையில் அகப்பட்டது நேரே அதற்குள் போகிறது. கரையேறி இளைப்பாற வந்த ஒரு அக்காவின் கையில் நுனி வளைந்த இரும்புக் கம்பி இருந்தது. சேற்று நண்டுக்கு.

"வளைக்கு முன்னாடி மண்ணு புதுசா இருந்தா உள்ள ஆள் இருக்குதுன்னு அர்த்தம். கம்பியை விட்டா டொக்குனு கடிக்கும். அந்தச் சத்தத்துலயே பெருசா சின்னதா தெரிஞ்சிடும்" என்றார். ஒரு வேரடியில் காட்டினார். கம்பி உள்ளே போய், ஒரு திருகு. வெளியே வந்தது கரும்பச்சை நிறத்தில் ஒரு பெண் நண்டு. காலால் மிதித்துக்கொண்டு, தென்னங்கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, கொடுக்கை மடக்கிக் கட்டிய வேகத்தை என் கண்ணால் தொடர முடியவில்லை. பிறகு ஓட்டுக்கும் மடலுக்கும் நடுவே நகத்தால் லேசாக நெம்பி வெயிலில் பிடித்தார். உள்ளே ஆரஞ்சு தெரிந்தது.

"இதுக்குத்தான் வெலை. ஆண் நண்டு இதுல பாதி கூட வராது."

சேற்று நண்டின் கதை இங்கேதான் திரும்புகிறது. முட்டை நிறைந்த பெண் நண்டு இந்தக் காட்டை விட்டு முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போய்த்தான் முட்டை இடும். குஞ்சு கடலில் பிறந்து, பிறகு இந்த ஓடைகளுக்குத் திரும்பும். வெளிநாட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்த ஆரஞ்சுக் கருவுக்குத்தான் மோகம். ஆகவே கடலுக்குக் கிளம்பத் தயாராக இருக்கும் தாய்க்கே அதிக விலை வைத்திருக்கிறது சந்தை. வாங்குகிறவர் கேட்டால் இந்த அக்கா என்ன செய்வார்? சீர்காழிக்குப் பக்கத்தில் தொடுவாயில், ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் சேற்று நண்டுக் குஞ்சு பொரிப்பகம் நடத்துகிறது. பண்ணைகளுக்குக் குஞ்சு அங்கிருந்து போகப் போக, காட்டிலிருந்து குட்டிகளைத் தோண்டி எடுக்கும் நெருக்கடி குறையும். தாய்க்கான விலை மாறினால்தான் மீதி மாறும்.

அடுத்த வளையில் கம்பியை விட்டவர் சட்டென்று வெளியே இழுத்தார். நுனியில் ஒன்றும் இல்லை. "குட்டி. மெதுவா கடிக்குது" என்றார். வளை வாயில் காலால் கொஞ்சம் சேற்றைத் தள்ளிவிட்டு நகர்ந்தார். எந்த அரசாணையும் அவரிடம் அதைச் சொல்லியிருக்காது. கேட்டதற்கு, "இப்ப எடுத்தா என்னா வரும்? ஆடிக்கு அப்புறம் வந்து பாக்கறது" என்றார். அதே ஓடையில் ஆடி கழித்து அவரே வரப்போகிறார், அவர் அக்கா தங்கைகள் வரப்போகிறார்கள் என்ற உறுதி இருப்பதால் அவரால் விட முடிகிறது. கடலில் அந்த உறுதி யாருக்கும் இல்லை. இன்று நான் விட்டது நாளை அடுத்த வலையில். அங்கே எல்லாருக்கும் ஒரே விதி, எல்லாருக்கும் ஒரே கண் என்று ஆனால் மட்டுமே யாரும் விடுவார்கள்.

முடசல் ஓடை

இரவு ஒன்பதுக்கு முடசல் ஓடை இறங்குதளம் திருவிழா போல இருந்தது. ஐஸ் கட்டியை உடைக்கிற இயந்திரம் இரைந்துகொண்டே இருக்க, நொறுங்கிய ஐஸ் சறுக்கி அறைக்குள் விழுந்தது. டீசல் கேன்கள், அரிசி மூட்டை, தண்ணீர்த் தொட்டி. ஒவ்வொரு படகின் முகப்பிலும் மாலை. ஒரு பெண் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் கொளுத்தினார். கைக்குழந்தையை அப்பாவிடம் தூக்கிக் காட்டிய இன்னொரு பெண்ணின் முகத்தில் இரண்டு மாதத்தில் முதல் தடவையாகக் கடன்காரர் இல்லாத நாளைப் பற்றிய நினைப்பு இருந்தது. அவர்களுக்கு நன்றாக மீன் ஏற வேண்டும் என்று நானும் மனதார வேண்டிக்கொண்டேன்.

நள்ளிரவு தாண்டியதும் முதல் இன்ஜின் உறுமியது. பிறகு எல்லாம் சேர்ந்து. விளக்குகள் ஒன்றின்பின் ஒன்றாக இருட்டுக்குள் நகர்ந்தன. அலை வந்து கரைக் கற்களில் மோதியது. காலையில் குஞ்சுகளும் தாய்களும் பெரியவையும் ஒன்றாக வந்து இறங்கும். பிரிக்கப் பெண்கள் கூடையோடு காத்திருப்பார்கள்.

அவை போய்க்கொண்டிருந்தபோதே, எதிர்த்திசையில், விளக்கில்லாமல், ஒரு பைபர் படகு ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி உள்ளே வந்தது. தாமதமாகிவிட்டது போலிருக்கிறது. கரையில் தட்டி நின்றதும் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே ஈர வலை மலை போலக் குவிந்திருந்தது. வலை கிடக்கும் இடத்துக்கு அடையாளமாகக் கடலில் மிதக்க விடுகிற கொடிக் கம்புகளைக் கற்றையாகக் கட்டி மேலே போட்டிருந்தார்கள். நண்டுகள் இன்னும் வலையிலேயே இருந்தன. அந்த ஆள் இறங்கவில்லை. படகின் விளிம்பில் உட்கார்ந்து, மடியில் வலையை இழுத்துப் போட்டுக்கொண்டு, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, முதல் நண்டின் கொடுக்கைக் கட்டைவிரலால் அழுத்தினார்.